கண்டிப் பித்தளை வார்ப்பு: அச்சின் சூடும் வன்னியின் ரவைக் கோதுகளும்

கொழும்பு–கண்டி வீதியில் பிலிமத்தலாவையைத் தாண்டும்போது இருபுறமும் பித்தளைக் கடைகளைக் காணலாம். அங்கிருந்து உள்ளே சென்றால் கடலாதெனிய, கிரிவவுல, எம்பெக்கே ஆகிய ஊர்கள். 1344இல் கட்டப்பட்ட கடலாதெனிய விகாரையின் தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. தென்னிந்தியக் கைவினை மரபும் கண்டி மரபும் கலந்த மண் இது. இங்குள்ள பட்டறைகளுக்கு நான் பலமுறை சென்றிருக்கிறேன். அங்கு அறிந்தவற்றை, பழைய உலோகத்தோடு பழக நேர்ந்த எமது மக்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

மெழுகு அச்சு முறை எளிமையானது. செய்ய வேண்டிய பொருளை முதலில் தேன்மெழுகில் உருவாக்கி, அதன்மேல் நுண்ணிய களிமண்ணைப் படை படையாகப் பூசி நிழலில் உலர்த்துவார்கள். பிறகு சூடாக்கினால், 60 பாகை செல்சியஸைச் சற்றுத் தாண்டியதும் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருகிய பித்தளையை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்துப் பொருளை எடுப்பார்கள். ஓர் அச்சு ஒரு முறைக்குத்தான். 1908இல் வெளியான ஆனந்த குமாரசுவாமியின் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல், கண்டிக் கைவினைஞர்களின் தொழில் முறைகளை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

வேலையின் வெற்றி அச்சின் சூட்டில்தான் இருக்கிறது. அச்சு குளிர்ந்திருந்தால் உலோகம் மூலைகளை அடையுமுன் உறைந்து, பொருளில் மடிப்பும் ஓட்டையும் விழும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் உலோகம் மெதுவாக உறைந்து சுருங்கும், மண்ணும் வெடிக்கலாம். எல்லாவற்றையும் விட ஆபத்தானது ஈரம். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். ஈர அச்சில் விழும் பித்தளை ஊற்றுபவரின் முகத்திலேயே தெறிக்கும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பு 1,085 பாகையில் உருகும். துத்தநாகமோ 420 பாகையில் உருகி, 907 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். பித்தளை உருகுவதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். ஆகவே மூசையில் இருந்து வெண்புகை எழும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். பலர் அதைச் சாதாரணத் தடிமன் காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள்.

இங்குதான் எமது கதை வருகிறது. துப்பாக்கி ரவைக் கோதுகளில் பல 70 வீதம் செம்பும் 30 வீதம் துத்தநாகமும் சேர்ந்த நல்ல பித்தளை. 2009க்குப் பின்னர் மீளக் குடியேறியவர்களில் பழைய இரும்பும் பித்தளையும் பொறுக்கி விற்று அடுப்பெரித்தவர்கள் உண்டு. அதில் கையிழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு.

கோதுக் குவியலில் வெடிக்காத ஒரு ரவை கிடந்தாலும் உலையில் அது வெடித்து உருகிய உலோகத்தை வாரி இறைக்கும். அடியில் ஊசி குத்திய தடம் இருப்பதால் அது வெடித்து முடிந்தது என்று நம்பக் கூடாது. குத்தியும் வெடிக்காத ரவைகள் உண்டு. பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். மண்ணில் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து, பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பணியாளர்களுக்கோ அறிவியுங்கள். அனுமதியின்றி வெடியுள்ள ரவையை வைத்திருப்பதும் குற்றமே.

வலைக்குண்டு வார்ப்பவர்களுக்கும் ஒரு சொல். ஈயம் 327 பாகையிலேயே உருகுவதால் வீட்டு அடுப்பு போதும் என்று தோன்றும். ஆனால் அதன் தூசும் புகையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சமையல் பாத்திரம் வேண்டாம், வீட்டுக்குள் வேண்டாம், பிள்ளைகள் அருகில் வேண்டாம். வேலை முடிந்ததும் கை கழுவி, உடை மாற்றிய பின்பே சாப்பிடுங்கள்.

2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. எனினும் நிலம் முழுதாகத் துப்புரவாகும் வரை, எங்கிருந்து வந்ததென்று தெரியாத உலோகம் எதுவும் உலைக்குப் போகக் கூடாது.