தமிழ்நாட்டில் சுயவேகக் கற்றல்: தொடக்கப் பள்ளி ஏணி முதல் வேதியியல் வகுப்பு வரை

சுயவேகக் கற்றல் என்பது, ஒரே வகுப்பில் உள்ள மாணவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் பாடத்தில் முன்னேறும் முறையாகும். ஒரு படியைத் தெளிவாகக் கற்ற பிறகே மாணவர் அடுத்த படிக்குச் செல்வார். அட்டைகள், விளையாட்டுகள், கைவேலைகள், சிறு சோதனைகள் ஆகியவை இம்முறையின் கருவிகள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இது 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் 2003ஆம் ஆண்டு தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. ஆனால் 4ஆம் வகுப்புக்கு மேல் அது முழு வடிவில் செல்லவில்லை. இம்முறை எங்கிருந்து வந்தது, ஏன் நின்றது, உயர்நிலை வகுப்பு வேதியியலுக்கு அது எவ்வாறு பயன்படும் என்பவற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

முன்னோடிகள்

குழந்தை தானே கையாண்டு, தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும்படி கற்றல் கருவிகளை அமைத்தவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. அவருடைய உருளைகளைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஓர் உருளை மிஞ்சும். ஆசிரியர் 'தவறு' என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை. 1939 நவம்பரில் மாண்டிசோரி பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிர்த்தரப்பில் சேர்ந்ததால் அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் இருந்தபடி ஏராளமான ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்துவிட்டு, 1946இல் ஐரோப்பா திரும்பினார்.

மாண்டிசோரியுடன் பணியாற்றிய அமெரிக்க ஆசிரியை ஹெலன் பார்க்கர்ஸ்ட் இதே கருத்தை உயர்நிலைப் பள்ளிக்குக் கொண்டு சென்றார். 1920இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டால்டன் நகரில் அவர் நடத்திய திட்டத்தில், பாடவேளைக்கு மணி அடிப்பதற்குப் பதிலாக மாணவருக்கு ஒரு மாத வேலை ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டது. எந்தப் பாடத்திற்கு எவ்வளவு நேரம் என்பதை மாணவரே முடிவு செய்தார். 1960களில் உளவியலாளர் ஃபிரெட் கெல்லர் கல்லூரிப் பாடங்களுக்கு இதைப் போன்ற திட்டம் ஒன்றை வகுத்தார். பாடம் சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, ஓர் அலகின் தேர்வில் தேறியவரே அடுத்த அலகுக்குச் சென்றார். தேறாதவருக்குத் தண்டனை கிடையாது. மீண்டும் படித்து மீண்டும் எழுதலாம்.

ரிஷிவேலியின் ஏணி

தென்னிந்தியக் கிராமப் பள்ளிகளுக்கு இக்கருத்தைப் பொருத்தியவர்களில் டேவிட் ஹார்ஸ்பரோ முக்கியமானவர். 1972இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் அவர் தொடங்கிய நீல்பாக் பள்ளியில் பல வயதுக் குழந்தைகள் ஒன்றாக அமர்ந்து, தத்தம் வேகத்தில் கற்றனர்.

அதற்குப் பின் ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே, ஜே.கிருஷ்ணமூர்த்தியின் பெயரோடு இணைந்த ரிஷிவேலியில், பத்மநாப ராவ், ரமா இணையர் சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கினர். பாடநூலைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, அவற்றை ஏணிப்படிகள்போல் வரிசைப்படுத்தினர். பல வகுப்புகளை ஒரே ஆசிரியர் ஒரே அறையில் நடத்த வேண்டிய நிலைமைக்கு அது விடையாக அமைந்தது. 'பெட்டிக்குள் பள்ளி' என்று அது பெயர் பெற்றது.

மதனப்பள்ளி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திருத்தணி வட்டாரமும் 1960 ஏப்ரல் 1 வரை அதே சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு பகுதிகளில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குவதற்கு இதுவே காரணம். ஆனால் ரிஷிவேலி முறை இந்த எல்லைக் கிராமங்களுக்கு நேராக வரவில்லை. சென்னையைச் சுற்றிக்கொண்டே வந்தது.

13 பள்ளிகளிலிருந்து மாநிலம் முழுவதும்

இந்திய ஆட்சிப் பணி அலுவலர் எம்.பி.விஜயகுமார் 1990களில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்கான கல்வியில் அக்கறை காட்டினார். பல ஆண்டுகள் பள்ளிக்கே வராத அக்குழந்தைகளை வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்திப் பாடம் கேட்கச் சொல்வது பயன் தரவில்லை. ரிஷிவேலி முறை அங்கு கைகொடுத்தது. பின்னர் சென்னை மாநகராட்சி ஆணையரான அவர், 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். அடுத்து அது மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கு விரிந்தது. அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரான பின், 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது.

வகுப்பறையின் தோற்றமே மாறியது. மேசையும் பெஞ்சும் போய்ப் பாய் வந்தது. குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை வரையப்பட்டது. மாணவர் படைப்புகளைத் தொங்கவிட மேலே கம்பி கட்டப்பட்டது. வருகைப் பதிவையும் வானிலை அட்டவணையையும் குழந்தைகளே குறித்தனர். ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் ஏணி. ஏணியில் மைல்கற்கள். ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, குறைதீர் கற்றல், வளமூட்டல் என அட்டைகள். அட்டையின் சின்னத்தைப் பார்த்து மாணவரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்வார். ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர், ஓரளவு தேவைப்படுவோர், சக மாணவர் உதவியுடன் கற்போர், தாமே கற்போர், மதிப்பீட்டுக்கு வந்தோர் என மாணவர்கள் குழுக்களாக அமர்ந்தனர்.

வராத நாள்களின் கணக்கு

இம்முறையின் சிறப்பு விளையாட்டில் இருக்கிறது என்றே பலரும் கருதினர். அதைவிடப் பெரிய பயன் வேறொன்று. பள்ளிக்கு வராத நாள்களால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய இம்முறை வழி வைத்திருந்தது.

ஆர்.கே.பேட்டை வட்டாரம் தறி நம்பி வாழும் பகுதி. வீட்டில் அவசர ஆர்டர் வந்தால் பிள்ளைகளும் தார் சுற்ற உட்காருவார்கள். திருவிழா, அறுவடை, தங்கையைப் பார்த்துக்கொள்வது, அம்மாவுக்கு உடல்நலமின்மை என்று காரணங்கள் பல. பத்து நாள் கழித்து வரும் பிள்ளைக்கு வழக்கமான வகுப்பில் பத்துப் பாடம் போய்விட்டது. ஆசிரியர் பதினோராவது பாடத்தில் இருப்பார். ஏணி முறையில் அப்பிள்ளை தான் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். நாள்கள் போயிருக்கும், பாடம் போயிருக்காது. அதற்காக யாரும் அவரைக் கேலி செய்யவும் இயலாது. அறையில் ஒவ்வொருவரும் வெவ்வேறு அட்டையில்தானே இருக்கிறார்கள்!

ஏணி நின்ற இடம்

செயல்வழிக் கற்றல் 1 முதல் 4ஆம் வகுப்பு வரை நடைமுறையில் இருந்தது. 6 முதல் 8 வரை 'படைப்பாற்றல் கல்வி' என்ற முறை வந்தது. படித்தல், மனவரைபடம் வரைதல், தொகுத்தல், கலந்துரையாடல் என்று அது அமைந்தது. மாணவர் செயல்பட இடமிருந்தபோதும், எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே பாடம் என்ற நிலைக்கு வகுப்பு திரும்பிவிட்டது. 9, 10ஆம் வகுப்புகளில் பொதுத்தேர்வுத் தயாரிப்பு மட்டுமே மிஞ்சியது.

இதன் காரணம் நாள்காட்டிதான். 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு மாநிலத்தின் எல்லா மாணவர்களுக்கும் ஒரே நாளில் நடக்கிறது. தேர்வு நாள் ஒன்றாக இருக்கும்போது பாட வேகமும் ஒன்றாகிவிடுகிறது. தொடக்க வகுப்புகளில் அத்தகைய தேர்வு இல்லாததால்தான் அங்கு ஏணி நிற்க முடிந்தது.

தேர்வை மாற்றினால் முறையும் நிலைக்கும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் சான்று. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு அமைப்புகள் 1972இல் 16 பள்ளிகளில் இதைத் தொடங்கின. 6 முதல் 8 வரையுள்ள மாணவர்கள் சோதனை செய்து, விடையைத் தாமே கண்டறிந்தனர். அரசின் அனுமதியுடன் தேர்வும் மாற்றப்பட்டது. புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. 2002இல் மாநில அரசு நிறுத்தும்வரை, 30 ஆண்டுகள் அத்திட்டம் நடந்தது.

வேதியியலுக்கு ஓர் ஏணி

பள்ளிப் பாடங்களில் ஏணி மிகவும் தேவைப்படுவது வேதியியலுக்கு. வரலாற்றில் ஒரு பாடத்தைத் தவறவிட்டவர் அடுத்த பாடத்தைப் புரிந்துகொள்ளலாம். வேதியியலில் தனிமத்தின் குறியீடு தெரியாமல் இணைதிறன் இல்லை. இணைதிறன் இல்லாமல் வாய்பாடு இல்லை. வாய்பாடு இல்லாமல் சமன்பாடு இல்லை. சமன்பாடு தெரியாதவருக்கு 10ஆம் வகுப்பின் மோல் கணக்கு வெறும் எண் வித்தை. 9ஆம் வகுப்பில் இணைதிறன் நடந்த வாரம் வராத மாணவர், அதற்குப் பின் இரண்டாண்டுகள் மனப்பாடத்தையே நம்ப வேண்டியிருக்கிறது.

நல்லவேளையாக, பிழையைத் தானே காட்டும் கருவிகளுக்கு வேதியியல் மிகவும் இடம் தருகிறது. பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டியே அவற்றைச் செய்யலாம். சில எடுத்துக்காட்டுகள்:

வாய்பாட்டு அட்டை: நேர் அயனி அட்டைக்கு அதன் மின்சுமை எண்ணிக்கையில் பற்களும், எதிர் அயனி அட்டைக்கு அதே கணக்கில் குழிகளும் வெட்ட வேண்டும். அலுமினியத்துக்கு 3 பல், ஆக்சைடுக்கு 2 குழி. ஒன்றோடு ஒன்றைப் பொருத்தினால் ஒரு பல் மிஞ்சும். அலுமினியம் 2, ஆக்சைடு 3 என்று எடுத்தால் 6 பல்லும் 6 குழியும் சரியாக அமரும். அலுமினியம் ஆக்சைடின் வாய்பாட்டை மாணவர் கையால் கண்டுபிடித்துவிட்டார். மாண்டிசோரியின் உருளையும் இதே கருத்தில் அமைந்ததுதான்.

சமன்பாட்டுக் கொட்டை: ஆக்சிஜனுக்குப் புளியங்கொட்டை, ஹைட்ரஜனுக்குப் பட்டாணி, கார்பனுக்குக் கரித்துண்டு. மீத்தேன் எரிவதை அடுக்கிப் பார்த்தால், ஒரு மீத்தேனுக்கு இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் எடுத்தால்தான் இருபுறமும் 1 கார்பன், 4 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன் அணுக்கள் வரும். வலப்பக்கம் ஒரு கார்பன் டைஆக்சைடும் இரண்டு நீரும் கிடைக்கும். ஒரு கொட்டை மிஞ்சினாலும் சமன்பாடு தவறு.

மோல் தராசு: 18 கிராம் நீர் ஒரு மோல், 58.5 கிராம் சமையல் உப்பு ஒரு மோல். இரண்டையும் நிறுத்து அருகருகே வைத்தால், எடை வேறு, துகள் கணக்கு ஒன்று என்பது கண்ணுக்குத் தெரியும்.

விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கவனம் தேவை. பரமபதக் கட்டத்தில் தனிமங்களின் பெயரை எழுதிவிட்டால் அது வேதியியல் விளையாட்டு ஆகிவிடாது. அங்கு வெற்றியை முடிவு செய்வது தாயக்கட்டை. மாணவரின் அறிவு முடிவு செய்வதே கற்றல் விளையாட்டு. அதேபோல், அமிலம், காரம், தீ ஆகியவை வரும் சோதனைகளை அவரவர் வேகத்துக்கு விட இயலாது. அவை ஆசிரியரின் முழு உதவிக் குழுவில், அவர் கண் எதிரில்தான் நடக்க வேண்டும்.

குறைகளும் விமர்சனங்களும்

செயல்வழிக் கற்றல் மீது நியாயமான குறைகளும் கூறப்பட்டன. கிழிந்த, தொலைந்த அட்டைகளுக்கு மாற்று உடனே கிடைக்கவில்லை. முப்பது பேர் முப்பது இடத்தில் இருக்கும்போது ஆசிரியரின் பதிவு வேலை கூடியது. புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாததைப் பெற்றோர் பலர் ஏற்கவில்லை. ஓராசிரியர் பள்ளிக்காகப் பிறந்த பல்வகுப்பு அமர்வு, போதிய ஆசிரியர்கள் உள்ள பள்ளிகளிலும் புகுத்தப்பட்டது. 'ஆசர்' ஆய்வறிக்கைகளில் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் வாசிப்புத் திறன் குறைவாகக் காணப்பட்டதும் கேள்விகளை எழுப்பியது.

உயர்நிலை மாணவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. கெல்லர் முறையைப் பின்பற்றிய கல்லூரிகளில், வேகத்தைத் தாமே முடிவு செய்யலாம் என்றவுடன் பலர் வேலையைத் தள்ளிப்போட்டனர். எனவே பொதுத்தேர்வு உள்ள வகுப்பில் எல்லையற்ற சுயவேகம் பொருந்தாது. மாதத்திற்கு இத்தனை மைல்கற்கள் என்று ஒரு கீழ் எல்லை வைத்து, அதற்குள் வேகத்தை மாணவரிடம் விடுவது நடைமுறைக்கு ஏற்றது. பார்க்கர்ஸ்டின் மாத ஒப்பந்தம் இதற்கு முன்மாதிரி.

இன்றைய நிலை

கரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினால் தொடங்கி வைக்கப்பட்டது. 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளில் மாணவர்கள் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் கற்கும் ஏற்பாடு அதில் செய்யப்பட்டது. ஏணியின் கருத்து இங்கு வேறு பெயரில் தொடர்கிறது. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கப்பட்ட 'வானவில் மன்றம்' 6 முதல் 8 வரையுள்ள மாணவர்களுக்கு அறிவியல் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டு வருகிறது. 2025இல் வந்த 'திறன்' திட்டம் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் பின்தங்கியோருக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றைக் கற்பிக்கிறது. அறிவியல் அதில் இல்லை.

சாயமிடுபவர் காஸ்டிக் சோடாவையும் ஹைட்ரோஸையும் அளந்து கலக்கும் ஊர்களிலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களின் வீடுகளிலும் வேதியியல் அன்றாடச் செய்தி. அந்த வீட்டுப் பிள்ளை இணைதிறன் நடந்த வாரம் பள்ளிக்கு வராமல் போயிருக்கலாம். அவருக்காக ஒரு தட்டில் பத்து அட்டைகளை எடுத்து வைப்பதற்கு அரசாணை தேவையில்லை. ஓர் ஆசிரியரும் ஒரு கத்தரிக்கோலும் போதும்.