காமா கதிர் வெடிப்புத் தேடலில் பொய் எச்சரிக்கைகள்

காமா கதிர் வெடிப்புகளைத் தேடும் விண்வெளித் தொலைநோக்கி, வெடிப்பல்லாத ஒன்றை வெடிப்பெனக் கருதி விடுக்கும் அறிவிப்பு பொய் எச்சரிக்கை எனப்படும். இவ்வெடிப்புகள் பெரும்பாலும் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ அடங்கிவிடுவதால், விண்கலத்தின் கணினியே முதல் முடிவை எடுத்து உலகெங்கும் உள்ள வானாய்வகங்களுக்குத் தகவல் அனுப்புகிறது. இவ்விரைவே பிழைக்கும் இடமளிக்கிறது. சூரியச் சுடர்வீச்சு, புவியின் கதிர்வீச்சு வளையத்தில் சிக்கிய மின்னூட்டத் துகள்கள், பின்னணிக் கதிர்வீச்சின் தற்செயல் ஏற்றம் ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள்.

2004இல் நாசா ஏவிய ஸ்விஃப்ட் விண்கலம் இத்தகைய பொய் எச்சரிக்கைகளை இரு படிகளில் வடிகட்டுகிறது. கதிர்களின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தால், உணரிகளின் மேல் அமைந்த ஈயத் துண்டுகளாலான மறைப்புத் தகடு வீழ்த்தும் நிழலைக் கொண்டு வானின் படம் கணிக்கப்படுகிறது. துகள்கள் அத்தகைய நிழலமைப்பை உண்டாக்காததால், படத்தில் புள்ளி போன்ற கதிர் மூலம் எதுவும் தென்படாது; எனவே அவை கழிக்கப்படுகின்றன.

எனினும் 2014 மே 27 அன்று ஆண்ட்ரோமெடா விண்மீன்மண்டலத்தின் திசையில் பதிவான வலுவற்ற சமிக்ஞை, அங்கு முன்பே அறியப்பட்ட எக்ஸ் கதிர் மூலத்தின் பொலிவு தொடக்கத்தில் மிகையாக மதிப்பிடப்பட்டதால், பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. முழுத் தரவும் ஆராயப்பட்டதும் அம்மூலம் வழக்கமான பொலிவிலேயே இருந்தது தெளிவாயிற்று. ஏற்பு வரம்பை உயர்த்தினால் மங்கலான உண்மை வெடிப்புகளும் தவறிவிடும் என்பதால், பொய் எச்சரிக்கைகளை முற்றிலும் ஒழிக்க இயலாது. தொடர் நோக்கீடுகளால் விரைந்து சரிபார்ப்பதே நடைமுறைத் தீர்வாகும்.