எட்டாம் மாதக் குழந்தையும் சோப்புக் குமிழியும்

"ஏழாம் மாசத்துல பொறந்தா தங்கும், எட்டாம் மாசத்துல பொறந்தா தங்காது." இதைக் கேட்காத தமிழ்க் குடும்பம் உண்டா? ஊரில் மட்டுமில்லை, இங்கே மான்குர்த்திலும் பக்கத்து சீட்டா கேம்ப்பிலும் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். 1976-ல் ஜனதா காலனியை இடித்து அங்கிருந்தவர்களை சீட்டா கேம்ப்புக்கு அனுப்பினார்களே, அப்போது சட்டி பானையோடு இந்தச் சொல்லும் கூடவே வந்திருக்கும் போல. நம்ம ஊர்ச் சரக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பழைய கிரேக்கர்களும் இதையே நம்பினார்கள். ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் நூல்களில் எட்டு மாதக் கருவைப் பற்றியே தனியாக ஒன்று இருக்கிறது.

சும்மா சொல்லிவிட்டுப் போனால் பரவாயில்லை. எட்டு மாதத்தில் பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறும்போது, "இது தங்காது" என்று வீட்டார் மனதளவில் கைகழுவி விடுகிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது. உண்மை நேர் எதிர். வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். ஏன் என்று கேட்டால், பதில் ஒரு சோப்புக் குமிழிக்குள் இருக்கிறது. அந்தப் பதிலைக் கண்டுபிடித்த கதைதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பௌதிகம். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு அளவுதான் :-)

தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கவே பார்க்கும். இதைத்தான் பரப்பு இழுவிசை என்று படித்தோம். குமிழி சிறிதாக ஆக, அதை ஊதி வைத்திருக்கத் தேவையான அழுத்தம் கூடும். தாமஸ் யங்கும் லாப்லாஸும் 1805, 1806-லேயே போட்டு வைத்த கணக்கு இது. ஒரு சின்ன சோப்புக் குமிழியையும் பெரிய குமிழியையும் குழாயால் இணைத்தால், பெரியது சின்னதுக்குக் காற்றுக் கொடுக்காது. சின்னதுதான் தன் காற்றைப் பெரியதுக்குள் தள்ளிவிட்டுக் காணாமல் போகும். (உலக வழக்கமும் அதுதானே!)

நம் நுரையீரலில் இப்படி 30 கோடிக்கு மேல் காற்று நுண்ணறைகள். ஒவ்வொன்றும் சுமார் 0.2 மில்லிமீட்டர் விட்டம். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் 70 சதுர மீட்டர் வரும், ஏறக்குறைய 750 சதுர அடி. இங்கே லல்லுபாய் காம்பவுண்டில் கொடுத்த வீடு 225 சதுர அடி. மூன்று வீட்டுக்கு மேல் பரப்பை ஒரு ஆள் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறார்! அந்த நுண்ணறைகளின் உள்சுவர் ஈரமானது. அந்த ஈரம் வெறும் தண்ணீராக இருந்தால், ஒரு நுண்ணறையைத் திறந்து வைக்கவே 14 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் வேண்டும். சாதாரண மூச்சுக்கு நமக்கு 5 சென்டிமீட்டர் போதும். ஆக அங்கே இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர் கர்ட் ஃபான் நீர்கார்ட். 1929-ல் அவர் செய்த சோதனை ரொம்ப எளிமையானது. வெளியே எடுத்த நுரையீரலை முதலில் காற்றால் ஊதினார். எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது என்று குறித்துக்கொண்டார். பிறகு அதையே திரவத்தால் நிரப்பினார். கம் அரபிக் கரைசல், அதாவது நம்மூர்க் கருவேலம் பிசின் வகையறா. உள்ளே திரவம் நிறைந்துவிட்டால் காற்றும் நீரும் சந்திக்கும் இடமே இல்லை, இழுவிசையும் இல்லை. நுரையீரல் சுலபமாக விரிந்தது. நுரையீரல் சுருங்கப் பார்ப்பதற்குப் பெரும் காரணம் அதன் தசைநார் இல்லை, உள்ளே இருக்கும் ஈரப்படலம்தான் என்று எழுதினார். பிறந்த குழந்தையின் முதல் மூச்சுக்கு இதுவே தடையாக இருக்கலாம், யாராவது ஆராய வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார்.

யாரும் படிக்கவில்லை! ஜெர்மன் மொழியில் வந்த அந்தக் கட்டுரை கால் நூற்றாண்டு அலமாரியில் தூங்கியது. அவரும் வேறு துறைக்குப் போய்விட்டார். இந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம் இதுதான். விடையில் பாதி 1929-லேயே அச்சில் இருந்தது.

பிறகு கதவு திறந்தது குழந்தை மருத்துவத்தால் அல்ல, விஷவாயுவால். ஃபாஸ்ஜீன் போன்ற வாயுவை முகர்ந்தவர்களின் நுரையீரலில் நுரை தள்ளும். அதை அடக்க வழி தேடி, பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வகத்தில் ரிச்சர்ட் பேட்டில் அந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரணக் குமிழி தண்ணீரில் சுருங்கி மறைந்துவிடும். நுரையீரல் நுரையின் குமிழியோ அசையாமல் அப்படியே நின்றது. அப்படியானால் அதன் இழுவிசை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று 1955-ல் எழுதினார். அமெரிக்காவில் இன்னொரு ராணுவ ரசாயன ஆய்வகத்தில் இருந்த ஜான் கிளெமென்ட்ஸ், நுரையீரல் சாற்றைத் தொட்டியில் பரப்பி, பரப்பைக் குறுக்கியும் விரித்தும் அளந்து பார்த்து 1957-ல் வெளியிட்டார். பரப்பு குறுகும்போது இழுவிசை பலமாக விழுகிறது, விரியும்போது ஏறுகிறது. அதனால்தான் சின்ன நுண்ணறை பெரியதுக்குள் காலியாகிவிடாமல் நிற்கிறது. இந்த வேலையைச் செய்யும் கொழுப்பும் புரதமும் கலந்த வஸ்துவுக்கு சர்ஃபாக்டன்ட் என்று பெயர் வந்தது. அதில் முக்கியமான கொழுப்பு, முட்டை மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் குடும்பம்தான்.

இங்கேதான் மேரி எல்லன் ஏவரி வருகிறார். பாஸ்டனில் குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் டாக்டர். இறந்த குழந்தைகளின் நுண்ணறைகளில் கண்ணாடி போல ஒரு படலம் தெரியும். அந்தப் படலம்தான் எமன் என்று எல்லோரும் நம்பி, அது எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஏவரி கிளெமென்ட்ஸைப் போய்ப் பார்த்து அளக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1959-ல் ஜியர் மீடுடன் சேர்ந்து வெளியிட்டார்: அந்த நோயில் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் இழுவிசையைக் குறைக்கும் பொருள் போதுமான அளவு இல்லை. இல்லாத பொருளால் வந்த நோய்க்கு, இருக்கும் பொருளில் காரணம் தேடியிருக்கிறார்கள்.

கரு 24 வாரம் போல இதைச் செய்யத் தொடங்கி, 35 வாரத்தை ஒட்டித்தான் தேவையான அளவுக்குச் சேர்க்கிறது. ஏழாம் மாதத்தைவிட எட்டாம் மாதம் மேல் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

ஆனால் தெரிந்தவுடன் வைத்தியம் வந்துவிடவில்லை. 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். பேட்ரிக் என்று பெயர். 2.1 கிலோ எடை. நம் கணக்கில் எட்டாம் மாதக் குழந்தை. உலகின் பெரிய பதவியில் இருந்த அப்பாவும் பாஸ்டன் நகரத்து டாக்டர்களும் சேர்ந்தும் 39 மணி நேரத்துக்கு மேல் காப்பாற்ற முடியவில்லை. இதே நோய். லெசித்தினைப் புகையாகக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்த்ததும் அந்தப் பத்தாண்டில் பலிக்கவில்லை. கொழுப்பு மட்டும் போதாது, அதைச் சட்டென்று பரவச் செய்யும் புரதமும் வேண்டும் என்பது பின்னால்தான் புரிந்தது.

1971-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரி, குழந்தை மூச்சை விடும்போதும் கொஞ்சம் அழுத்தம் குறையாமல் வைத்துப் பார்த்தார். முழுவதும் சுருங்கினால்தானே மறுபடி திறக்கக் கஷ்டம்? 20 குழந்தைகளில் 16 பிழைத்தன. இன்று சி-பாப் என்கிறார்களே, அதுதான். அதன் எளிய வடிவத்தில் மூச்சுக் குழாயின் மறுமுனையை 5 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் விட்டிருப்பார்கள், குபுகுபுவென்று குமிழி வரும். லாப்லாஸ் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

1972-ல் நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும், குறைமாதத்தில் வலி வந்த தாய்மாருக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று காட்டினார்கள். 1980-ல் ஜப்பானின் ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாயில் விட்டார், நல்ல பலன். அந்த வழியில் வந்த மருந்துக்கு அமெரிக்காவில் 1991-ல் அனுமதி கிடைத்தது. நீர்கார்டிலிருந்து எண்ணினால் 62 வருஷம்!

நம் பக்கம் என்ன நடந்தது? மருந்தின் விலைதான் நமக்கு இன்னொரு இழுவிசை. ஒரு குப்பிக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். இங்கிருந்து அதிக தூரமில்லாத பவாய் ஐ.ஐ.டி.யில் ரிந்தி பானர்ஜியும் ஜெயேஷ் பெல்லாரேயும் விலை குறைந்த கலவைக்கு வழி தேடினார்கள். 2001-ல் வந்த அவர்களுடைய ஆய்வுகளில் அந்தக் கொழுப்போடு சேர்த்துப் பார்த்தது எதைத் தெரியுமா? யூகலிப்டஸ் தைலமும் கிராம்புத் தைலமும்! பாட்டி கைவைத்தியம் ஜெயித்தது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அது ஆய்வகப் பாத்திரத்தில் பரப்பு இழுவிசையை அளந்த சோதனை மட்டுமே. கைக்குழந்தை மூக்கருகே தைலம் கொண்டுபோனால் ஆபத்து.

ஆட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டையும் இந்திய மருத்துவமனைகளில் மாட்டுச் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். சிறிய சோதனை. இரண்டும் சமம் என்று அடித்துச் சொல்ல அது போதாது. தேவ்னார் ஆட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எனக்கு அந்தச் செய்தி தனியாகப் பட்டது. தூக்கிப் போடும் பொருளிலிருந்து வரும் மருந்து என்றால் சும்மாவா?

மலிவான ஆயுதம் என்றால் ஸ்டீராய்டு ஊசிதான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020-ல் வெளியான சோதனையில், 26 முதல் 33 வாரத்துக்குள் பிரசவம் ஆகக்கூடிய தாய்மாருக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்ததில், பச்சிளம் குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. நூறு குழந்தைக்கு நான்கு உயிர். 2014-லேயே மத்திய அரசு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் கிராம நர்ஸே முதல் டோஸைப் போடலாம் என்று வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் வழக்கம் ஒன்று இருக்கிறது. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு ரயிலேற்றிவிடுவது. சர்ஃபாக்டன்ட் சேர்ந்துகொண்டிருக்கும் அதே வாரங்களில்தான் நம் பெண்கள் இரண்டு ராத்திரி ரயிலில் போகிறார்கள். கிளம்புமுன் டாக்டரிடம் பிரயாணம் பற்றிக் கேளுங்கள். வழியில் வலி கண்டால், பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியாகப் பார்த்து அங்கேயே இறங்கிவிடுங்கள். ஊசி போடலாமா என்று முடிவு செய்ய டாக்டருக்கு வாரக் கணக்கு சரியாகத் தெரிய வேண்டும். ஆகவே முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை பெர்த்துக்கு அடியில் தள்ளிய பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.