குடியை நிறுத்த ஒரு குழு

கணவரை அழைத்துவந்து, "மாதா பீடத்தின்முன் சத்தியம் வாங்குங்கள் ஃபாதர்" என்று கேட்கும் சகோதரிகள் பலர். அடுத்த சம்பள நாளைத் தாண்டாத சத்தியங்களை நானே வாங்கியிருக்கிறேன். குடி ஒரு நோய். அதற்குத் துணை வேண்டும்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளர் இருவர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் நம் ஊர்களிலும் கூடுகின்றன. கட்டணமில்லை, நிறுத்தும் விருப்பம் போதும். எந்த மதத்தவரும் வரலாம். முதல் நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் சரிதான். கூட்டம் நடக்கும் இடத்தைப் பங்கு அலுவலகத்திலோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ விசாரியுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண்ணும் உண்டு.

தினமும் குடிப்பவர் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவர் வர மறுத்தாலும், வீட்டார் தங்களுக்கான அல்-அனான் குழுவுக்குத் தனியே போகலாம்.