பாட்டில்லாத துப்பறியும் படம்

துப்பறியும் கதைக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘சைக்’ என்னும் நகைச்சுவைத் துப்பறியும் தொடர், தன் அத்தியாயம் ஒன்றைப் பாட்டு நாடகமாகவே ஆக்கி வெளியிட்டது. பாடிக்கொண்டே கொலையைத் துருவுவது அந்நாட்டுத் தொடர்களில் ஒரு புதுமை. தமிழராகிய நமக்கோ பாட்டு இல்லாமையே புதுமையாக வந்தது!

நம் நாடக மேடை பாட்டிலே வளர்ந்தது. அரசன் வந்தாலும் பாட்டு; ஆண்டி வந்தாலும் பாட்டு. பேசும்படம் அம்மேடையின் பிள்ளை. ஆதலால் 1934-இல் வெளிவந்த ‘பவளக்கொடி’யில் ஏறக்குறைய 50 பாட்டுக்கள் இருந்தன. பிற்காலத்தில் தொகை குறைந்ததேயன்றி வழக்கம் ஒழியவில்லை.

அவ்வழக்கத்தை 1954-இல் உடைத்தவர் யார்? சங்கீதம் அறியாதவரா? அல்லர், வீணை வித்வான் எஸ். பாலசந்தரே! ஏ. வி. எம். நிறுவனத்துக்காக அவர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் பாட்டுமில்லை, நடனமுமில்லை, சண்டையுமில்லை. திரைக்கதையும் வசனமும் எழுதிய ஜாவர் சீதாராமன், துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். 1943-இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய சமயம், சிவாஜி கணேசன் நடித்த ரேடியோ என்ஜினியர் சுடப்பட்டு இறக்கிறான். அண்டை வீட்டார், சகோதரன், அவன் மனைவி, ஆசைநாயகி, கட்டிய மனைவி ஆகியோர்மீது சந்தேகம் எழுகிறது. ஒருவர் கூற்று மற்றொருவர் கூற்றோடு பொருந்தவில்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1950-இல் ‘ரஷோமோன்’ படத்தில் காட்டிய வழி இது. மாண்டவன் எதிரிக்கு நாட்டின் இரகசியத்தை விற்றவன் என்பது பின்னர் வெளியாகிறது. 1942 முதல் 1945 வரை மலாக்காத் தோட்டங்களில் ஜப்பானியர் ஆட்சியின்கீழ் உழன்ற நம் முன்னோர்க்கு, அக்குற்றத்தின் கொடுமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் படம் முதலில் வசூலில் தோற்றது. பாட்டை எதிர்பார்த்து வந்த ஜனங்கள் ஏமாற்றமடைந்தனர். அவ்வாண்டின் தேசிய விருதுகளில் தமிழ்ப் படங்களுள் இரண்டாம் இடம் ‘அந்த நாள்’ பெற்றது. முதலிடம் பெற்ற ‘மலைக்கள்ளன்’ படமும் மர்மக் கதையே. ஆனால் பாட்டுக்கள் உடையது.

பாலசந்தர் பாட்டுக்குப் பகைவரல்லர். வெடிகுண்டு வைத்த பொம்மை கைக்குக் கை மாறும் ‘பொம்மை’ என்னும் மர்மப் படத்தை 1964-இல் இயக்கியபோது, பாட்டுக்களைச் சேர்த்து இசையும் தாமே அமைத்தார். அதில் ஜேசுதாஸ் பாடிய பாட்டு, மனிதரும் பொம்மைகளே என்று கதையின் கருத்தையே எடுத்துச் சொல்கிறது. அங்கே பாட்டுக்கு வேலை இருந்தது; இருந்தது. ‘அந்த நாள்’ படத்திலோ, சாட்சிகளின் சொற்களைக் காண்போரே நிறுத்துப் பார்க்க வேண்டும். இடையே ஒரு பாட்டு வந்தால் தராசு ஆடிவிடும்.

சங்கீதத்தின் அருமையை உணர்ந்தவரே அதை இடம் நிரப்பும் சரக்காக்க மறுத்தார். ஆகவே, அன்பர்களே, ஒரு படத்தைப் பற்றி “எத்தனை பாட்டு?” என்று கேட்பதைக் காட்டிலும், “இப்பாட்டு எதற்கு?” என்று கேட்பதே கலையறிவுக்கு அழகாகும்.