கண்ணுல கத்தியா?

"கண்ணுல கத்தி வெக்கிறதா? இருக்குற பார்வையும் போயிருச்சுன்னா?" எங்க திண்டுக்கல் பக்கம் பெரியவங்ககிட்ட கண்புரை ஆபரேசன்னு சொன்னா, முதல்ல வர்ற பேச்சு இதுதான். படிக்காத சனம், அதான் பயப்படுதுன்னு சுலபமா சொல்லிட்டுப் போயிடலாம். எனக்கென்னவோ அந்த பயத்துக்கும் ஒரு வரலாறு இருக்குன்னு தோணுது.

ஊசியை விட்டு, புரை விழுந்த லென்ஸை கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளி விடுற வைத்தியம் சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கு. ஊர் ஊராப் போற வைத்தியர்கள் ரொம்ப காலம் இதைச் செஞ்சாங்க. உடனே வெளிச்சம் தெரியும். கூலியை வாங்கிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போயிருவார். அப்புறம் சீழ் பிடிச்சோ, கண்ணுல அழுத்தம் கூடியோ பலருக்குப் பார்வை மொத்தமா போயிடும். இதைப் பார்த்த சனம் பயப்படாம என்ன செய்யும்?

இங்கிலீஷ் வைத்தியம் வந்தும் பாடு தீரல. லென்ஸை முழுசா எடுக்குற பழைய முறையில, முடிஞ்சபிறகு நாள்கணக்கா அசையாம படுக்கணும். இருமினா தையல் விட்டுடுமோ, தும்மினா என்னாகுமோ... முன்னாடி ஒரு பயம்னா, பின்னாடி இது வேற. கடைசியில சோடாபுட்டிக் கண்ணாடி! அது உடைஞ்சா மறுபடி எல்லாமே மங்கல் :-)

1955ல ஒட்டன்சத்திரத்துல டாக்டர் தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாங்க. 1976ல, அரசு வேலையில இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் வெங்கடசாமி மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். (திண்டுக்கல் அப்ப மதுரை மாவட்டம், 1985லதான் பிரிஞ்சது.) முகாம்ல பார்த்து, காசில்லாமலே ஆபரேசன். அப்பவும் பார்வை மங்கின பலர் வரல.

ஏன்? தென்னிந்தியாவுல 90 கிராமங்கள்ல 8 விதமா முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. முடிவு 1991ல வெளியாச்சு. போக்குவரத்து, சாப்பாட்டுச் செலவையும் ஏத்துக்கிட்டது நல்லா எடுபட்டுச்சு. ஏற்கனவே ஆபரேசன் முடிச்ச ஒருத்தரே வீடு வீடாப் போய் பேசினதும் அப்படித்தான். பயம்னு நாம நினைச்சதுல கொஞ்சம் பஸ் காசும் இருந்திருக்கு பாருங்க! டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், "நான் பண்ணிக்கிட்டேன் ஆத்தா, இந்தா பாரு, நல்லாத்தான் இருக்கேன்"னு பக்கத்து ஊர்க்காரர் வந்து நிக்கிறதுக்கு ஈடாகுமா?

1992ல ஆரோலேப் இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பிச்சதும் விலை பல மடங்கு இறங்குச்சு. சோடாபுட்டியும் மெல்லக் காணாமப் போச்சு. இப்பல்லாம் மறுநாளே கட்டைப் பிரிச்சுடுறாங்க. நோயாளிகிட்ட உக்காந்து பேசி விளக்கவே தனியா ஆள் இருக்காங்க. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் கேள்வி நிக்கிறதில்ல: தலைக்குத் தண்ணி ஊத்தலாமா, அடுப்புகிட்ட போகலாமா, குனிஞ்சு கோலம் போடலாமா...

உங்க ஊர்ப் பக்கம் என்னென்ன கேக்குறாங்க?