தேசப்படமும் நம் ஊர்ப்பெயரும்

முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற முதுசொங்களுள் ஊர்ப்பெயரும் ஒன்றாகும். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைநகராகிய காரைதீவை அம்ஸ்ரடாம் எனவும், வேலணைத்தீவை லெய்டன் எனவும், புங்குடுதீவை மிடில்பேர்க் எனவும், நெடுந்தீவை டெல்வ்ற் எனவும் தேசப்படங்களிற் குறித்தனர். 1795 இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. நெடுந்தீவுக்கு ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் பெயர் தவிர, ஏனையவை பெரும்பாலும் வழக்கொழிந்தன. படத்தில் எழுதியது அழிய, மக்கள் நாவில் இருந்ததே நிலைத்தது.

ஆயின், தேசப்படத்தில் ஏறாத பெயர்களும் உள. அவை நம் காணிப்பெயர்கள். உறுதிகளிலும், ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகளிலுமே அவற்றைக் காணலாம். அவற்றுட் சில, பண்டைக் காணிக்காரரின் பெயரைத் தாங்கி நிற்பன. தந்தை பெயரையே முதலெழுத்தாகக் கொள்ளும் நமக்குத் தலைமுறைதோறும் அவ்வெழுத்து மாறிவிடுகின்றது. ஆகவே, பூட்டன் பெயரை அறியக் காணிப்பெயர் துணையாகும். 1990 இன் பின் இடம்பெயர்ந்து மீண்டோர்க்கு, வேலியும் எல்லையும் அழிந்த நிலத்தில் அப்பெயர்களை அறிந்த முதியோரே வழிகாட்டிகளாயினர்.

பெரியோர்களே, சொல்லித் தாருங்கள். இளைஞர்காள், பழைய உறுதிகளை எடுத்துவந்து அவர்கள் அருகிலிருந்து எழுதிக்கொள்வோம். அவர்கள் இருக்கும்போதே இப்பணி நிறைவேறுதல் வேண்டும்.